செலவு, கசிவு, தடை: சர்க்கரை நோயில் சத்துகள் எங்கே போகின்றன?

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டு மருந்துப் பெட்டியில் அநேகமாக மூன்று அட்டைகள் இருக்கும். ஒன்று மெட்ஃபார்மின். இன்னொன்று பிரஷருக்கோ கொலஸ்ட்ராலுக்கோ. மூன்றாவது, ‘நரம்பு மாத்திரை’ என்றோ ‘சத்து மாத்திரை’ என்றோ சொல்லிக் கொடுக்கப்படுவது. பரமக்குடியிலும் அப்படித்தான், தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சிலும் அப்படித்தான். அந்த மூன்றாவது அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தால் பெரும்பாலும் இந்த வகையில் இருக்கும்: மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம், பைரிடாக்ஸின் 3 மில்லிகிராம். முதலாவது, பி12 வைட்டமினின் ஒரு வடிவம். இரண்டாவது, ஆன்டிஆக்ஸிடன்ட். மற்ற இரண்டும் பி வகை வைட்டமின்கள். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய பி12 ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான். மாத்திரையில் இருப்பது அதைப்போல 700 மடங்குக்கும் மேல்.

இவ்வளவு எதற்கு? சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் பல வைட்டமின்களும் ஆன்டிஆக்ஸிடன்ட்களும் குறைவாக இருப்பதை உலகம் முழுக்கப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அதில் சந்தேகமில்லை. அந்தக் குறைவை மாத்திரையால் நிரப்பினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்குமா என்பது தனிக் கேள்வி. சத்து குறைகிறதா என்ற முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் கிடைத்ததும், இரண்டாவதற்கும் அதே பதில்தான் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை வியாபாரம் வளர்ந்தது அந்த அவசரத்தில்தான்.

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மூன்று விதமாக யோசிப்போம். புழக்கம் அதிகமா, அடியில் கசிகிறதா, வருகிற குழாயில் அடைப்பா? மூன்றுக்கும் பரிகாரம் வேறு. சர்க்கரை நோயில் குறையும் சத்துகளுக்கும் இதே மூன்று வழிகள் உண்டு: செலவு, கசிவு, தடை. எந்தச் சத்து எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால், அட்டையில் உள்ளவற்றில் எது தேவை, எது வீண் என்பதும் தெளிவாகும்.

ஓர் ஊர், பல அடுப்புகள்

உதாரணத்துக்குப் பெரார்கஞ்சையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு தாலுகாவின் தலைமையிடம். ஜிர்காடாங் சோதனைச்சாவடியை நோக்கி வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் இருக்கிறது. 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் ஃபெராரின் பெயர்தான் ஊருக்கு. 1920களில் ஐக்கிய மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பாந்து மக்களும், மலபார் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிளாக்களும் இந்தப் பகுதியில் குடியேறினார்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்தார்கள். காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடியினர் வந்தார்கள். கூலிக்கும் கடைக்கும் அரசு வேலைக்கும் தமிழர்கள் வந்தார்கள். அடுப்புக்கு அடுப்பு சமையல் வேறு. ஆனால் எல்லார் தட்டிலும் சோறு நடுவில் இருக்கிறது, பக்கத்தில் பெரும்பாலும் மீன்.

இந்தியாவில் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்த மிகப்பெரிய ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 2023இல் லான்செட் குழும இதழில் வெளியான அதன் முடிவுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். பெருநிலத்து மாநிலங்களோடு நின்ற அந்தக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் இல்லை. ஆனாலும் உடலின் வேதியியல் கடல் தாண்டினால் மாறுவதில்லை. அந்த வேதியியலிலிருந்தே தொடங்குவோம்.

செலவு

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாகி, செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் எரிந்து சக்தியாகிறது. எரியும்போது எலெக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராக முடியவேண்டும். சில எலெக்ட்ரான்கள் பாதியிலேயே நழுவி ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கின்றன. அப்போது உண்டாவது சூப்பர்ஆக்சைடு. ஃப்ரீ ராடிக்கல் என்று கேள்விப்படுகிறோமே, அவற்றில் முதன்மையானது இது. கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எது பக்கத்தில் இருந்தாலும் சேதப்படுத்தக்கூடிய துடிப்புள்ள மூலக்கூறுகள் இதிலிருந்து கிளைக்கின்றன.

உடலுக்கு இது புதிதில்லை. சூப்பர்ஆக்சைடை அடக்குவதற்கென்றே ஒரு நொதி நம் செல்களில் இருப்பதை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குப் பெயர். அது ஹைட்ரஜன் பெராக்சைடை மிச்சம் வைக்கும். அந்த மிச்சத்தை கேட்டலேஸ் என்ற நொதியும், குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறின் துணையோடு இயங்கும் இன்னொரு நொதியும் தண்ணீராக்கிவிடும். குளுட்டதயோனை நம் உடல் மூன்று அமினோ அமிலங்களைக் கோத்துத் தானே செய்துகொள்கிறது. உணவிலிருந்து வரும் வைட்டமின் சி, ஈ எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குத் துணை செய்பவை. ஏற்பாட்டின் நடுநாயகம் உடல் தானே செய்துகொள்ளும் இந்த நொதிகளும் குளுட்டதயோனும்தான்.

சர்க்கரை கூடும்போது என்ன ஆகிறது? தசைச் செல், தனக்குத் தேவையான அளவு குளுக்கோஸை மட்டும் உள்ளே விடும். விழித்திரையின் நுண்குழாய்ச் செல்லுக்கும், சிறுநீரக வடிகட்டியின் செல்லுக்கும், நரம்பைப் போர்த்திய செல்லுக்கும் அந்தக் கட்டுப்பாடு சரியாக இல்லை. ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உள்ளேயும் ஏறிவிடுகிறது. சர்க்கரை நோய் குறிப்பாகக் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குவதற்குக் காரணம் இதுதான். அதிகக் குளுக்கோஸ் எரியும்போது சூப்பர்ஆக்சைடும் அதிகம் பிறக்கிறது. மிஞ்சிய குளுக்கோஸில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறுகிறது; அந்த மாற்றம் என்.ஏ.டி.பி.எச். என்ற துணைப்பொருளைத் தின்றுவிடுகிறது. பயன்பட்ட குளுட்டதயோனைப் புதுப்பிக்க வேண்டியதும் அதே துணைப்பொருள்தான். ஆக எதிரி பெருகும் அதே நேரத்தில் காவல் மெலிகிறது. இந்தச் சார்பிட்டால் வழி உட்பட, உயர் சர்க்கரையின் நான்கு சேத வழிகளுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பர்ஆக்சைடே பொது ஊற்று என்ற கருத்தை நியூயார்க்கின் மைக்கேல் பிரௌன்லீ 2001இல் நேச்சர் இதழில் எடுத்துவைத்தார். அதன்பின் இந்தத் துறையின் யோசனையை வழிநடத்தியது அந்தக் கட்டுரை.

இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் நிலை இன்னும் பரிதாபம். உடலின் மற்ற செல்களோடு ஒப்பிட்டால் கேட்டலேஸும் குளுட்டதயோனைச் சார்ந்த நொதியும் அவற்றில் மிகக் குறைவு. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய செல்தான் சர்க்கரையின் சேதத்துக்கு முதலில் ஆளாகிறது.

இந்தச் சேதத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வகத்தில் ஒரு பழைய வழி உண்டு. ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் தயோபார்பிச்சூரிக் அமிலத்தைச் சேர்த்துக் கொதிநீரில் வைப்பார்கள். ராடிக்கல்கள் கொழுப்பைச் சிதைத்திருந்தால், அந்தச் சிதைவுப் பொருள் அமிலத்தோடு சேர்ந்து குழாய் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சேதமோ அவ்வளவு அடர்த்தி. அதன் வழியே 532 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி அளவு எடுப்பார்கள். சென்னையில் 2005இல் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் அடைக்கலக்கோட்டேஸ்வரி, பாலசுப்பிரமணியம், மோகன் குழு, சர்க்கரை நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டது. இந்தச் சேத அளவுகள் நோயாளிகளிடம் கூடுதல். குரோமோசோம்களின் நுனியில் இருந்து செல்லின் வயதைக் காட்டும் டெலோமியர்கள் நோயாளிகளிடம் குட்டையாகியிருந்தன. சர்க்கரை நோய் செல்லை முன்கூட்டியே மூப்படையச் செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டு ரத்தத்திலிருந்தே கிடைத்த சான்று இது.

செலவாகிக் குறையும் இந்த வகைக்கு முதல் மருந்து, செலவைக் குறைப்பது. அதாவது ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. 1993இல் வெளியான அமெரிக்க–கனடிய டி.சி.சி.டி. ஆய்வில், முதல் வகை நோயாளிகள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் 1998இல் முடிந்த பிரிட்டிஷ் ஆய்வில் நுண்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் இந்த எண்களின் அருகில் வந்ததில்லை.

கசிவு

இரண்டாவது வழி சிறுநீரகத்தில் இருக்கிறது. வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் சிறுநீரக வடிகட்டியின் வழியே இறங்கும். இறங்கியதை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை நோயில் பலருக்கு இந்த மீட்பு தளர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வைட்டமின் சி சிறுநீரில் கசிவதைக் கண்டார்கள். நோயில்லாதவர்களில் அந்தக் கசிவு பத்தில் ஒருவருக்குத்தான். இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஆக்ஸிகரணமடைந்த வைட்டமின் சி, சிவப்பணுவுக்குள் போக குளுக்கோஸ் போகும் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் கூட்டம் அதிகமானால் வைட்டமின் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதைவிட வியப்பானது தையமின் என்னும் பி1. பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பால் தார்னலி குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் ரத்தப் பிளாஸ்மாவில் தையமின் நோயில்லாதவர்களிடம் உள்ளதில் கால்வாசிதான் இருந்தது. இரண்டாம் வகை நோயாளிகளின் சிறுநீரகங்கள் அதை வழக்கத்தைவிட 16 மடங்கு வேகமாக வெளியேற்றின. வழக்கமான சிவப்பணுச் சோதனையில் இந்தக் குறைவு தெரியவில்லை என்பதால் நெடுநாள் மறைந்தே இருந்தது. குளுக்கோஸைச் சரியாக எரிக்கத் தேவையான நொதிகளுக்குத் துணை நிற்பது தையமின். அதிகச் சர்க்கரையைச் சமாளிக்க அது அதிகம் தேவைப்படும் ஆளிடமே அது கசிந்துபோகிறது.

தையமினுக்கும் நம் சோற்றுக்கும் பழைய உறவு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொன்றது. அதே நாட்டில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களை அது ஏறக்குறையத் தொடவில்லை. லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்த்து, 1907இல் நூலாக எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. வில்லியம் பிளெட்சர் 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரு தரப்புக்கு இரு அரிசி கொடுத்துப் பார்த்தார். சாலை வேலைக்கு வந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1909 வாக்கில் அதையே சோதித்து உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோரத்துத் தையமின் அரிசியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் ஆலையில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நம் அம்மாக்களின் நெல் அவிக்கும் முறை உயிர் காத்தது.

பெரார்கஞ்சின் தமிழர், மலையாளி, வங்காளி மூவரின் வீட்டு வழக்கத்திலும் புழுங்கலரிசி உண்டு. அதை வைத்துக்கொள்வது நல்லது. அரிசியைப் பலமுறை அலசுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் தையமினைத் தண்ணீரோடு அனுப்பிவிடும். அதற்காகப் புழுங்கல் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சோற்றின் அளவுதான் முதல் கணக்கு. இந்தியர்கள் சராசரியாகத் தம் கலோரிகளில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுவதாக மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2025இல் அறிவித்தது. அதைக் குறைத்துப் பருப்பும் மீனும் காயும் கூட்டுவதில் சர்க்கரையும் இறங்கும், தையமினும் கூடும்.

தடை

மூன்றாவது வழியைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். இதைத் தடுக்கவும் முடியும், சரிசெய்யவும் முடியும். இருந்தும் பலருக்கு இது கண்ணில் படாமலே போகிறது.

பி12 மற்ற வைட்டமின்களைப் போல் எளிதில் உள்ளே வராது. மீனிலோ முட்டையிலோ பாலிலோ புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐ இரைப்பை அமிலம் பிரிக்கவேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் உள்ளமைக் காரணி என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து, அங்கே ஒரு ஏற்பியில் பொருந்தவேண்டும். பொருந்துவதற்குக் கால்சியம் வேண்டும். மெட்ஃபார்மின் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் குறுக்கிடுவதாகக் கருதப்படுகிறது.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. இதில் குழப்பம் வேண்டாம். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார். இன்றும் உலகில் அதிகம் எழுதப்படும் சர்க்கரை மாத்திரை அது. விலை குறைவு, பாதுகாப்பு அதிகம். அதன் பக்கவிளைவாகப் பி12 குறைவதும் உறுதியான செய்தி. நெதர்லாந்தில் 390 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்கும் சற்று மேல் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் பி12, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட 19 சதவீதம் இறங்கியது. அமெரிக்காவின் நீண்டகால ஆய்வு 2016இல் சொன்ன கணக்கு: ஐந்தாம் ஆண்டில், பி12 குறைவோ அதன் விளிம்போ இருந்தவர்கள் மெட்ஃபார்மின் குழுவில் 19.1 சதவீதம், மற்றக் குழுவில் 9.5 சதவீதம். 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மெட்ஃபார்மினின் பொதுவான பக்கவிளைவாகவே அறிவித்தது. கல்லீரலில் பி12 சில மில்லிகிராம் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரிய வருடங்கள் ஆகும். மருந்து தொடங்கிய புதிதில் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய காலத்தில் மருந்து பழகிப்போய்விடுகிறது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. புனேயில் சி.எஸ். யாஜ்னிக் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் நடுத்தர வயது ஆண்களில் 67 சதவீதம் பேருக்குப் பி12 குறைவு. சைவ உணவு அதற்கு முக்கியக் காரணம். இப்படி அடித்தளமே குறைவாக இருப்பவர் மெட்ஃபார்மினும் எடுத்து, அதோடு தினமும் ‘கேஸ் மாத்திரை’யும் போட்டால், இரைப்பை அமிலமும் அடங்கிவிடுகிறது. தடைக்கு மேல் தடை. தீவில் மீன் சாப்பிடுபவர்களுக்கு வரவு நன்றாகவே இருக்கும். 100 கிராம் மத்தி மீன் ஒருநாள் தேவையைப் போலப் பல மடங்கு பி12 தரும். ஆனாலும் உள்ளே வரும் வழி அடைபட்டால் தட்டில் இருப்பது உதவாது.

ஏன் இது முக்கியம்? பி12 குறைந்தால் நரம்பின் உறை கெடும். உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும், அதிர்வு தெரியாது. சர்க்கரையால் வரும் நரம்புச் சேதத்துக்கும் இதே அறிகுறிகள்தான். “பாதம் எரியுது டாக்டர்” என்று ஒருவர் சொன்னதும் சர்க்கரையின் கணக்கில் எழுதி முடிப்பது எளிது. அதில் பி12இன் பங்கு எவ்வளவு என்று பார்க்காவிட்டால், மீட்கக்கூடிய நரம்பு மீட்க முடியாததாகிவிடும். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தசோகை தெளிந்து, பி12 குறைவு மறைந்துகொள்ளும். நரம்புச் சேதம் தொடரும். பி12 குறைவு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ1சி அளவையும் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எண் ஏன் இறங்கவில்லை என்று மருந்தைக் கூட்டுவதற்கு முன் இதையும் பார்க்கவேண்டும்.

சரிசெய்வது எளிது. வாயால் சாப்பிடும் பெரும் அளவில் ஏறக்குறைய ஒரு சதவீதம், எந்த ஏற்பியின் உதவியும் இல்லாமல் தானாகவே உள்ளே கசிந்து சேரும். 1000 மைக்ரோகிராமில் 10 மைக்ரோகிராம் போதும். அந்த நரம்பு மாத்திரையின் 1500க்கு அறிவியல் நியாயம் இங்கேதான் இருக்கிறது. பி12 உண்மையில் குறைந்தவருக்கு அது மருந்து. கடுமையான குறைவுக்கு ஊசி போடுவார்கள்.

மாத்திரைகள் எழுதிய பரீட்சை

அட்டையின் மற்றப் பகுதி ஆன்டிஆக்ஸிடன்ட்; அந்த வகை மாத்திரைகள் பெரிய சோதனைகளில் பொதுவாக இப்படித் தேறவில்லை. ரத்தத்தில் வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் அதிகமாக உள்ளவர்களுக்கு இதயநோயும் புற்றுநோயும் குறைவு என்று கணக்கெடுப்புகள் காட்டியதும், மாத்திரையாகக் கொடுத்தால் நோய் குறையும் என்று எல்லாரும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994இல் வந்த அந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனை 28 சதவீதக் கூடுதலைக் கண்டு 1996இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

சர்க்கரை நோயாளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது ஹோப் ஆய்வு. கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 9,541 பேரிடம் நடந்து 2000இல் வெளியானது. இதயநோய் இருந்தவர்களும், சர்க்கரை நோயோடு வேறு அபாயமும் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, சராசரி நாலரை ஆண்டு. மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ மரணத்திலோ எந்த மாற்றமும் இல்லை. கனடாவில் 2010இல், சர்க்கரை சிறுநீரக நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் பெரும் அளவில் கொடுத்தபோது சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது. செலீனியம் மாத்திரை எடுத்தவர்களிடம் சர்க்கரை நோயே கூடியதாக 2007இல் ஓர் ஆய்வு கண்டது. வைட்டமின் டி தினம் 4000 யூனிட் கொடுத்து, நோயின் வாசலில் இருந்த 2,423 பேரைக் கவனித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நோய் வராமல் தடுப்பதில் உறுதியான பலன் தெரியவில்லை.

ஏன்? ஜெர்மனியின் மைக்கேல் ரிஸ்டோ குழு 2009இல் ஒரு விடை தந்தது. இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் அல்லவா? மாத்திரை எடுக்காதவர்களுக்கு அது நடந்தது. எடுத்தவர்களுக்கு நடக்கவில்லை. தசை உழைக்கும்போது பிறக்கும் கொஞ்சம் ராடிக்கல்கள்தான், ‘காவலைப் பலப்படுத்து’ என்று செல்லுக்குச் சேதி சொல்கின்றன. மாத்திரை அந்தச் சேதியையும் சேர்த்து அழித்துவிட்டது. ஃப்ரீ ராடிக்கல் முழு எதிரி இல்லை; அளவுக்குள் இருக்கும்வரை அது உடலின் மொழி. மாலை நடைக்குப் போகும் சர்க்கரை நோயாளி, ரத்தத்தை ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையால் நிரப்பிக்கொண்டு போகவேண்டியதில்லை.

சில கதவுகள் திறந்தே இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தின் 2-2 வகை கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் வைட்டமின் ஈ இதயத்தைக் காத்ததாக 2008இல் இஸ்ரேல் ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வகை இந்தியர்களிடம் அதிகம் காணப்படுவது. புனேயில் குளுட்டதயோனையே மாத்திரையாக ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், முதியவர்களிடம் எச்.பி.ஏ1சி சற்று இறங்கியது. இவை இன்னும் பெரிய ஆய்வுகளில் உறுதிப்படவேண்டிய தடயங்கள்.

தீவின் தட்டு

அந்தமானில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் பலர் வாயில் முதலில் வருவது நோனி. நம் மஞ்சணத்திக்கு நெருங்கிய உறவான இந்த மரம் தீவுகளில் இயல்பாக வளர்கிறது. நிக்கோபாரிகள் வழிவழியாகப் பயன்படுத்துகிறார்கள். போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதில் தேர்ந்த வகைகளை வெளியிட்டிருக்கிறது. சோதனைக் குழாயில் நோனிச்சாறு ராடிக்கல்களை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் சோதனைக் குழாயின் மதிப்பெண் உடலில் செல்லாது. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலைத் தன் தளத்திலிருந்து 2012இல் நீக்கியதற்குக் காரணமும் அதுவே. இன்னொரு எச்சரிக்கை: நோனிச்சாற்றில் ஆரஞ்சுச் சாற்றளவு பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்கு இதனால் பொட்டாசியம் ஆபத்தாக ஏறியது 2000இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் நோனி பாட்டிலைத் திறக்கக் கூடாது.

ஊருக்குள்ளேயே இதைவிட நல்லது இருக்கிறது. காய்கறியில் ஒரு பங்கு சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. பறித்த கீரையின் வைட்டமின் சி, சாதாரண வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். வீட்டுக் கொல்லையில் காலையில் பறித்த பர்மா தனியா, கொடிப்பசலை, வள்ளைக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றின் அருமை இங்கே தெரியும். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவை 80 மில்லிகிராம் அளவே. ஒரு சிறு கொய்யா போதும், மாத்திரை வேண்டாம். தினமும் பெரும் அளவு வைட்டமின் சி சாப்பிட்டால் சில குளுக்கோஸ் கருவிகள் தப்பான எண்ணைக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மீனைச் சமைக்கும் விதமும் கணக்கில் வரும். அதிக வெப்பத்தில், எண்ணெயில், சர்க்கரையும் புரதமும் சேர்ந்து மேல்மொறுமொறுப்பாகும்போது ஏ.ஜி.இ. என்ற பொருள்கள் உண்டாகின்றன. உயர் சர்க்கரையால் உடலுக்குள் உண்டாகும் அதே வகைச் சேதப் பொருள்கள் இவை. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், உடல் எடை கூடிய 38 பேருக்கு 12 வாரங்கள் வீதம் இரண்டு வகை உணவு கொடுத்துப் பார்த்தது. வேகவைத்த, குறைந்த ஏ.ஜி.இ. உணவில் இன்சுலினின் செயல் மேம்பட்டது. வறுத்ததிலும் பொரித்ததிலும் அது கிடைக்கவில்லை. சூரை மீன் வறுவலுக்குப் பதில் புளிக்குழம்பு, அவித்த மீன் என்று வாரத்தில் பாதி நாளாவது மாற்றினால், பி12ஐயும் புரதத்தையும் இழக்காமல் இந்தப் பலனையும் பெறலாம்.

கேட்கவேண்டியவை

மெட்ஃபார்மின் நான்கைந்து வருடமாக எடுப்பவர், பாதம் எரிபவர், சைவர், கேஸ் மாத்திரை தினம் எடுப்பவர், ரத்தசோகை உள்ளவர் எல்லாரும் பி12 அளவைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கவேண்டும். குறைந்தால் அதை மட்டும் நிரப்பலாம். மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எதற்கு என்று கேட்டு, தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் கொய்யாவும் முட்டையும் வாங்கலாம்.

அரசிடமும் ஒன்று கேட்கவேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மெட்ஃபார்மினை ஊரூராகக் கொண்டு சேர்த்தது நம் பொதுச் சுகாதாரத்தின் சாதனை. அதோடு சேர்ந்து போகவேண்டிய பி12 சோதனை எல்லா இடத்திலும் போய்ச் சேரவேண்டும். பாதச் சோதனைக்கு 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும். இரண்டும் சட்டைப் பையில் அடங்கும், ஐந்து நிமிடத்தில் முடியும். பெரார்கஞ்ச் ஆரம்பச் சுகாதார நிலையம் தொடங்கி எல்லாச் சிற்றூர் நிலையங்களிலும் வருடத்துக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும், மெட்ஃபார்மின் எடுப்பவரின் ரத்த மாதிரியைப் பி12 சோதனைக்கு அனுப்புவதும் வழக்கமாகவேண்டும். சர்க்கரை நோயில் எது குறைகிறது, ஏன் குறைகிறது என்று அறிவியல் நமக்குச் சொல்லிவிட்டது. அந்த அறிவு தீவின் கடைசி ஊர் நோயாளியின் சிகிச்சைச் சீட்டில் ஒரு வரியாக எழுதப்படும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.